சாத்விக் – சிராக் வெற்றியில் வெளிநாட்டு கோச்சுக்கு எவ்வளவு பங்கு?

கான்சாபுரத்தில் சாயங்காலமானால் லைட்டைப் போட்டு ஷட்டில் ஆடுவார்கள். மேற்கே மலை. ஆனி, ஆடியில் காற்று இறங்கிவிட்டால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று அடித்தவனுக்கே தெரியாது. நெட்டை அவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்து பேச வேண்டியதுதான். அப்படி ஒரு நாள் பேச்சு சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி – சிராக் ஷெட்டி ஜோடியில் வந்து நின்றது.

“அண்ணே, அந்த டென்மார்க்காரர் மட்டும் வரலேன்னா இவங்க உலக நம்பர் ஒன் ஆகியிருக்கவே முடியாது” என்றான் ஒரு பையன்.

“போடா டேய். மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்துல ஸ்மாஷ் அடிச்சு கின்னஸ்ல பேரு வாங்குனது சாத்விக்கா, உன் டென்மார்க்காரரா? ஓரத்துல நாற்காலி போட்டு உக்காந்தவருக்கு எதுக்குடா மாலை?” என்றார் மில்லில் வேலை பார்க்கும் அண்ணன்.

ஒரு மணி நேரம் ஓடியது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் வருஷங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. நாங்கள் பேசியது முழுக்க ஒரே ஒரு கோச்சைப் பற்றி. ஆனால் இந்த ஜோடியோடு வேலை பார்த்த வெளிநாட்டு கோச்கள் மூன்று பேர். அதைக் கணக்கில் சேர்த்தால் கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

முதலில், டபுள்ஸ் என்பது என்ன ஆட்டம்?

நம் ஊரில் யாரும் சிங்கிள்ஸ் ஆடுவதில்லை. இடம் ஒன்று, ஆள் எட்டு. நாலு பேர் ஆடுவார்கள், நாலு பேர் வெளியே நிற்பார்கள். டபுள்ஸ் நமக்குத் தெரிந்த ஆட்டம் என்று நினைத்துக்கொள்கிறோம். நிஜத்தில் நாம் ஆடுவது இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடும் சிங்கிள்ஸ்.

கோர்ட்டின் அளவே வித்தியாசத்தைச் சொல்லிவிடும். சிங்கிள்ஸ் கோர்ட் அகலம் 17 அடி, டபுள்ஸுக்கு 20 அடி. ஆனால் சர்வீஸ் விழ வேண்டிய கட்டம் டபுள்ஸில் இரண்டரை அடி குட்டை. சிங்கிள்ஸ்காரர் பந்தைத் தூக்கிக் கடைக்கோட்டில் போடலாம். டபுள்ஸில் அப்படித் தூக்கினால் எதிராளி ரெண்டு எட்டில் பின்னால் போய் ஸ்மாஷ் அடித்துவிடுவார். அதனால் நெட்டை உரசுகிற மாதிரி தாழ்வாகப் போட வேண்டும். அதிலும் 2018 முதல் சர்வீஸ் அடிக்கும்போது பந்து தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதி கறாராகிவிட்டது.

ஆக டபுள்ஸில் ஒரு பாயிண்ட் பெரும்பாலும் முதல் மூன்று நான்கு அடிகளிலேயே தீர்மானமாகிவிடுகிறது: சர்வீஸ், அதை எடுப்பது, அதற்கு அடுத்த அடி. யார் முதலில் பந்தை மேலே தூக்குகிறாரோ அவர் மாட்டிக்கொள்கிறார். அடிக்கும் பக்கம் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. தடுக்கும் பக்கம் இருவரும் இடமும் வலமும். நொடிக்கு நொடி இந்த நிலை மாறும். மாறுவதைப் பேசி வைத்துக்கொள்ள நேரம் இல்லை. பார்ட்னர் தோளைத் திருப்புவதைப் பார்த்தே நகர வேண்டும்.

இதைத் தனியாகக் கற்றுக்கொள்ள முடியாது. சிங்கிள்ஸ் மட்டும் தெரிந்த கோச்சாலும் முழுதாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. வெளிநாட்டு கோச் ஏன் வந்தார் என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

நம்மிடம் என்ன இருந்தது, என்ன இல்லை

2006 முதல் தேசிய கோச்சாக இருந்த கோபிசந்த், 2008ல் ஹைதராபாத்தில் அகாடமி தொடங்கினார். சாய்னா, சிந்து, ஸ்ரீகாந்த் எல்லாரும் வளர்ந்த இடம். கோபிசந்த் 2001ல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றவர், சிங்கிள்ஸில். அதற்கு முன் 1980ல் அதே பட்டம் வென்ற பிரகாஷ் படுகோனேயும் சிங்கிள்ஸ். நம் நாட்டில் இந்த ஆட்டத்தின் நினைவே சிங்கிள்ஸ் நினைவுதான். பணம், பெயர் எல்லாம் அங்கே. சிங்கிள்ஸில் மேலே வர முடியாதவர் டபுள்ஸுக்குப் போவார் என்பதுதான் வழக்கமாக இருந்தது.

அதற்காக டபுள்ஸே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஜுவாலா கட்டா – அஸ்வினி பொன்னப்பா 2010 டெல்லி காமன்வெல்த்தில் தங்கம், 2011 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கினார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தும் பாயிண்ட் வித்தியாசத்தில் காலிறுதி போனது. டபுள்ஸைக் கவனிக்க ஆளில்லை என்று ஜுவாலா பல வருஷம் வெளிப்படையாகவே சண்டை போட்டார். திறமை அங்கங்கே முளைத்தது. அதை எடுத்து வளர்க்கிற ஏற்பாடு இல்லை.

ஜோடி சேர்த்தவர்

2015ல் மலேசியாவின் டான் கிம் ஹெர் இந்தியாவின் டபுள்ஸ் கோச்சாக வந்தார். ஆந்திராவின் அமலாபுரத்துப் பையன் சாத்விக்கையும் மும்பைக்காரர் சிராக்கையும் சேர்த்து வைத்தவர் அவர்தான். அப்போது சாத்விக்குக்குப் பதினாறு வயசு ஆகும் ஆகாது. சிராக் மூன்று வயது மூத்தவர். இருவரும் வேறு வேறு பார்ட்னர்களோடு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

சேர்த்ததில் ஒரு வில்லங்கம் இருந்தது. இருவருமே உயரம், இருவருமே பின்னால் நின்று ஸ்மாஷ் அடிப்பவர்கள். வழக்கமான கணக்குப்படி ஒருவர் பின்னால் நின்று அடிப்பவராகவும் இன்னொருவர் நெட்டில் சாமர்த்தியம் காட்டுபவராகவும் இருக்க வேண்டும். ரெண்டு பேட்ஸ்மேனை வைத்துக்கொண்டு பவுலர் இல்லாமல் டீம் எடுப்பது போல இது. ஆனால் யாராவது ஒருவர் நெட் ஆட்டம் கற்றுக்கொண்டுவிட்டால், எந்தப் பக்கம் தூக்கினாலும் ஸ்மாஷ் வரும் ஜோடி கிடைக்கும். சிராக் முன்னால் வந்து ஆடப் பழகினார். சாத்விக் பின்னால் மட்டும் நிற்காமல் சர்வீஸிலும் முதல் மூன்று அடிகளிலும் கெட்டிக்காரரானார்.

இப்படி ஒரு முடிவெடுக்க ரெண்டு விஷயம் வேண்டும். ஒன்று, டபுள்ஸ் ஜோடிகள் எப்படி உருவாகின்றன என்று பல வருஷம் பார்த்த கண். இன்னொன்று, எந்த மாநிலத்துப் பையன், யாருடைய சிஷ்யன் என்ற கணக்கில் சிக்காத தூரம். ரெண்டாவது உள்ளூர்க்காரருக்குக் கஷ்டம், வெளியாளுக்குச் சுலபம்.

2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் வெள்ளி. அதே போட்டியில் கலப்பு அணிக்குத் தங்கம். 2019 தொடக்கத்தில், ஒப்பந்தம் முடியும் முன்பே, டான் கிளம்பிவிட்டார்.

தாளில் எழுதிய வரிசை

இதற்குப் பிறகு நடந்தவைதான் எங்கள் வாதத்தைக் குழப்பின.

2019: டான் போன இடத்துக்கு இந்தோனேசியாவின் ஃபிளாண்டி லிம்பெலே வருகிறார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் எங் ஹியானுடன் டபுள்ஸ் வெண்கலம் வாங்கியவர். ஆகஸ்டில் சாத்விக் – சிராக் தாய்லாந்து ஓப்பன் இறுதியில் அப்போதைய உலக சாம்பியன்களான சீனாவின் லீ ஜுன்ஹுய் – லியூ யூச்சென் ஜோடியைத் தோற்கடிக்கிறார்கள். சூப்பர் 500 அளவிலான பட்டம் இந்திய ஆண்கள் ஜோடிக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை.

இந்தப் பட்டம் யார் கணக்கில்? வந்து சில மாதமே ஆன லிம்பெலேயா? ஜோடியை உருவாக்கிவிட்டுப் போன டானா? விதைத்தவர் ஒருவர், தண்ணீர் பாய்ச்சியவர் ஒருவர், அறுக்கும்போது வரப்பில் நின்றவர் ஒருவர். கோச் விஷயத்தில் பலன் எப்போதும் தாமதமாகத்தான் வருகிறது. யார் நாற்காலியில் இருக்கும்போது கப் வந்ததோ அவருக்கே முழுப் பெயரும் கொடுத்துவிட்டால் கணக்கு தப்பிவிடும்.

2020: லிம்பெலேயும் சுமார் ஒரு வருஷத்தில் கிளம்பினார். அடுத்து மலேசியாவுக்குப் போனார். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவின் ஆரோன் சியா – சோ வூய் யிக் வெண்கலம் வாங்கினார்கள். இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்கள்.

2021: டென்மார்க்கின் மத்தியாஸ் போ டோக்கியோவுக்கு முன் வந்து சேர்ந்தார். டோக்கியோவில் நம்மவர்கள் முதல் ஆட்டத்திலேயே தைவானின் லீ யாங் – வாங் சி லின் ஜோடியை ஜெயித்தார்கள். கடைசியில் தங்கம் வாங்கியது அந்தத் தைவான் ஜோடிதான்! மூன்றில் இரண்டு ஜெயித்தும் கேம் வித்தியாசத்தில் நம்மவர்கள் வெளியே. லண்டனில் ஜுவாலா – அஸ்வினிக்கு நடந்ததேதான்.

2022: தாமஸ் கோப்பை. அணிப் போட்டியில் ஐந்து ஆட்டம், மூன்று சிங்கிள்ஸ், இரண்டு டபுள்ஸ். டபுள்ஸ் பலவீனமான அணி ஜெயிக்க வேண்டுமானால் மூன்று சிங்கிள்ஸையும் ஒன்று விடாமல் ஜெயித்தாக வேண்டும். ஒருவர் சறுக்கினால் முடிந்தது. பல வருஷம் இந்தியா இந்த நெருக்கடியில்தான் ஆடியது. பாங்காக்கில் சாத்விக் – சிராக் காலிறுதியில் மலேசியா, அரையிறுதியில் டென்மார்க், இறுதியில் இந்தோனேசியா என மூன்றிலும் தங்கள் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார்கள். இறுதியில் முதல் கேமை இழந்து, மேட்ச் பாயிண்ட்களைத் தாண்டி வந்து, 18-21, 23-21, 21-19. மே 15 அன்று 3-0 என்ற கணக்கில் இந்தியாவுக்கு முதல் தாமஸ் கோப்பை. அதே வருஷம் காமன்வெல்த் தங்கம், உலக சாம்பியன்ஷிப் வெண்கலம், பிரெஞ்சு ஓப்பன்.

2023: துபாயில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம். 1965ல் தினேஷ் கன்னா வாங்கியதற்கு 58 வருஷம் கழித்து. ஜூனில் இந்தோனேசியா ஓப்பன். அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம், இந்திய பேட்மிண்டனுக்கே முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம். அதையடுத்து உலக நம்பர் ஒன்.

அப்படியானால் மத்தியாஸ் போ செய்தது என்ன?

போ 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கார்ஸ்டன் மோகன்சனுடன் வெள்ளி வென்றவர். அந்த ஜோடியில் இடி மாதிரி அடிப்பவர் மோகன்சன். போ இடது கைக்காரர், முன்னால் நின்று வேலை பார்ப்பவர். பலத்தால் இல்லாமல் யோசனையால் பாயிண்ட் எடுத்தவர். பலம் நிறைய உள்ள ஜோடிக்கு இப்படிப்பட்டவர் கோச்சாக வந்தது நல்ல பொருத்தம். அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததை அவர் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அவர் பங்கைப் புரிந்துகொள்ள நான் எடுத்துக்கொள்ளும் ஒரே உதாரணம் ஆரோன் சியா – சோ வூய் யிக். 2023 இந்தோனேசியா ஓப்பன் இறுதிக்கு முன் அந்த ஜோடியிடம் நம்மவர்கள் எட்டு தடவை மோதி எட்டு தடவையும் தோற்றிருந்தார்கள். ஸ்மாஷ் வேகம் எட்டு ஆட்டத்திலும் அதேதான். ஒன்பதாவது ஆட்டத்தில் 21-17, 21-18 என நேராக ஜெயித்தார்கள். பலம் மட்டுமே காரணம் என்றால் அது முதல் ஆட்டத்திலேயே வேலை செய்திருக்க வேண்டும். இடையில் மாறியது எங்கே அடிப்பது, எப்போது அடிக்காமல் இருப்பது, பின்தங்கும்போது பதறாமல் இருப்பது. கோச்சின் வேலை அதிகம் தெரிவது இங்கேதான். ஆட்டத்தின் நடுவே அவருக்குக் கிடைப்பது 11 பாயிண்டில் ஒரு நிமிஷம், கேம்களுக்கு நடுவே ரெண்டு நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. மாதக்கணக்கில் பழகியதை ஞாபகப்படுத்த முடியும், அவ்வளவுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் அதே மலேசிய ஜோடி. முதல் கேம் 21-13 என்று நமக்கு. அடுத்த இரண்டும் 14-21, 16-21 என்று போய்விட்டது. நாற்காலியில் அதே போ. கோச் இருந்தால் ஜெயிப்போம் என்று எழுதிக்கொடுக்க முடியாது என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம். அந்தத் தோல்விக்குப் பிறகு, இந்தியாவிலோ வேறெங்குமோ இப்போதைக்கு கோச்சாகத் தொடரப்போவதில்லை என்று போ அறிவித்தார்.

2025 தொடக்கத்தில் டான் கிம் ஹெர் திரும்ப வந்தார். ஆகஸ்டில் பாரிஸிலேயே உலக சாம்பியன்ஷிப். அதே அரங்கம், காலிறுதி, எதிரே அதே ஆரோன் சியா – சோ வூய் யிக். இந்தத் தடவை 21-12, 21-19 என்று நம்மவர்கள் ஜெயித்து, ரெண்டாவது உலக வெண்கலத்தை உறுதி செய்தார்கள். இதை டானின் வெற்றி என்பதா, போ சொல்லிக்கொடுத்தது இப்போது கைகொடுத்தது என்பதா, பத்து வருஷம் சேர்ந்து ஆடிய ரெண்டு பேரின் அனுபவம் என்பதா? மூன்றையும் பிரிக்க முடியாது.

“உள்ளூர் ஆளே போதும்” என்பவர்களுக்கு

மில் அண்ணன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. திரிசா ஜாலி – காயத்ரி கோபிசந்த் 2022லும் 2023லும் அடுத்தடுத்து ஆல் இங்கிலாந்து அரையிறுதிக்குப் போனார்கள். அவர்களோடு வேலை பார்த்த கோச் அருண் விஷ்ணு, இந்தியாவுக்காக டபுள்ஸ் ஆடிய நம்மவர். ஆக நம் ஆளாலும் முடியும். கவனிக்க வேண்டியது, அவர் டபுள்ஸ்காரர். கோச் எந்த நாட்டுக்காரர் என்பதைவிட அந்த ஆட்டம் அவருக்கு உள்ளே வெளியே தெரியுமா என்பதுதான் முக்கியம். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் டென்மார்க்கிலும் அப்படிப்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். நம்மிடம் இப்போதுதான் உருவாகிறார்கள்.

பையன் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் அவன் பார்க்காத ஒன்று இருக்கிறது. நம்மிடம் வரும் வெளிநாட்டு கோச்கள் தங்குவதில்லை. முல்யோ ஹண்டோயோ வந்த 2017ல் ஸ்ரீகாந்த் நான்கு சூப்பர் சீரீஸ் பட்டம் வென்றார். அந்த வருஷக் கடைசியிலேயே அவர் போய்விட்டார். கொரியாவின் கிம் ஜி ஹியூன் 2019ல் சிந்து உலக சாம்பியன் ஆனபோது கூட இருந்தார். அடுத்த மாதமே கிளம்பினார். டான் நாலு வருஷம், லிம்பெலே ஒரு வருஷம். குடும்பத்தை விட்டு வந்து ஹைதராபாத்தில் இருப்பது யாருக்கும் சுலபமில்லை, அவர்களைக் குறை சொல்லவில்லை.

ஜப்பானைப் பாருங்கள். 1992 ஒலிம்பிக்கில் டபுள்ஸ் தங்கம் வென்ற கொரியாவின் பார்க் ஜூ போங்கை 2004ல் கொண்டுவந்தார்கள். 2012ல் பெண்கள் டபுள்ஸில் வெள்ளி, ஜப்பானின் முதல் ஒலிம்பிக் பேட்மிண்டன் பதக்கம். 2014ல் தாமஸ் கோப்பை. 2016 ரியோவில் பெண்கள் டபுள்ஸ் தங்கம். முதல் பதக்கத்துக்கே எட்டு வருஷம், தங்கத்துக்குப் பன்னிரண்டு வருஷம். ஏறக்குறைய இருபது வருஷம் அவர் அங்கே இருந்தார். நாம் பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை பேரை மாற்றியிருப்போம்?

பங்கு பிரிக்கும் கணக்கு

மறுநாள் மில் அண்ணனிடம் இந்தத் தாளைக் காட்டினேன். அவர் வேலையிலிருந்தே ஒரு உதாரணம் சொன்னேன். ராஜபாளையம் பக்கம் மில்லுக்குப் புது மெஷின் வந்தால் மாட்டிக் கொடுக்க கம்பெனி ஆள் வெளியூரிலிருந்து வருவார். நாலு நாளோ பத்து நாளோ இருப்பார், ஓட்டிக் காட்டுவார், போய்விடுவார். அதற்குப் பிறகு மெஷின் ஓடுமா நிற்குமா என்பது, அந்தப் பத்து நாளும் அவர் பக்கத்தில் நின்று பார்த்த நம்ம ஃபிட்டர் என்ன கற்றுக்கொண்டார் என்பதில் இருக்கிறது. பக்கத்தில் யாரையும் நிறுத்தவில்லை என்றால் ஒவ்வொரு ரிப்பேருக்கும் அவரையே கூப்பிட வேண்டியதுதான்.

“அது வாஸ்தவம்தான். பார்த்துக் கத்துக்கலேன்னா நாம வெறும் துடைக்கிற ஆள்தான்” என்றார்.

எனக்கு இந்த வாதத்தில் மிச்சமாகிற கேள்வி அதுதான். டான் பக்கத்திலும் போ பக்கத்திலும் எத்தனை இந்திய கோச்கள் நின்றார்கள்? அவர்கள் கற்றது எத்தனை மாவட்டத்துக்கு இறங்கியது? 2023ல் குவாஹாட்டியில் தொடங்கிய தேசிய மையத்துக்கு ரஷ்யாவின் இவான் சோசோனோவை டபுள்ஸுக்கு எடுத்தார்கள். 2016 ஆல் இங்கிலாந்து ஆண்கள் டபுள்ஸ் சாம்பியன்களில் ஒருவர். உச்சத்தில் இருக்கும் ஒரு ஜோடிக்கு மட்டும் இல்லாமல் வளரும் பிள்ளைகளுக்கும் டபுள்ஸ்காரர் கோச்சாக இருப்பது சரியான திசை. அது கீழே வரைக்கும் வர வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் ரெண்டு பையன்கள் நன்றாக ஆடினால், “நீ முன்னால நில்லு, நீ பின்னால போ” என்று காரணத்தோடு சொல்ல ஒருவர் வேண்டும். சாத்விக்கும் சிராக்கும் ரிட்டயர் ஆகும்போது அடுத்த ஜோடி வரிசையில் நிற்குமா என்பது அதைப் பொறுத்தது.

எனவே என் பதில் இது. திறமையும் உழைப்பும் அவர்கள் ரெண்டு பேருடையது. ஆட ஒரு இடமும் தினசரி ஒழுங்கும் கொடுத்தது இந்திய அகாடமி. ஜோடி சேர்த்தது டான், பட்டை தீட்டியது போ, நடுவில் கைமாற்றிக் கொடுத்தது லிம்பெலே. நூற்றுக்கு இத்தனை என்று பங்கு பிரித்தால் சண்டைதான் மிஞ்சும்.

அன்றைக்குக் காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. அண்ணனும் நானும் ஒரு பக்கம். தாழ்வாக சர்வீஸ் போட்டு, ஒருவர் முன்னே ஒருவர் பின்னே என்று ஆடிப் பார்த்தோம். நாலாவது பந்துக்கே ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஓடி மட்டையில் மட்டை இடித்துக்கொண்டோம். எங்களுக்கும் ஒரு கோச் வேண்டியிருக்கிறது. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.